அடுப்பில் ஒரு மணி நேரம், அலமாரியில் ஒரு மாதம்

சமையல் நிகழ்ச்சிகளில் ஒரு பழைய தந்திரம் உண்டு. கேக் மாவைக் கலக்கி, அச்சில் ஊற்றி, ஓவனுக்குள் வைப்பார்கள். அடுத்த நொடியே மேடைக்கு அடியிலிருந்து வெந்து முடிந்த கேக் ஒன்று வெளியே வரும். "இதோ, முன்னாடியே செஞ்சு வெச்சது" என்று ஒரு சிரிப்பு. நாற்பது நிமிடத்தை வெட்டியதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. கேக் வேகும்போது நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லையே. இதே தந்திரத்தை பீர் காய்ச்சுவதில் செய்தால்? வெட்டுப்படுவது ஏறக்குறைய ஒரு மாதம். பீர் பீராவதே அந்த ஒரு மாதத்தில்தான். இன்று இதைத்தான் பேசப்போகிறோம். கொஞ்சம் நீளும், டீயை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'குட் ஈட்ஸ்'. ஃபுட் நெட்வொர்க் சேனலில் 1999 முதல் பல ஆண்டுகள் ஓடியது. நடத்தியவர் ஆல்டன் பிரவுன். முதலில் ஒளிப்பதிவாளராக இருந்தவர். சமையல் நிகழ்ச்சிகள் எல்லாம் சலிப்பூட்டுகின்றன என்று சொல்லிவிட்டு, வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு சமையல் கல்லூரியில் போய்ப் படித்துத் திரும்பியவர். ஜூலியா சைல்டின் சமையல், 'மிஸ்டர் விசார்ட்' என்ற பழைய அறிவியல் நிகழ்ச்சி, மாண்டி பைத்தானின் கோமாளித்தனம் மூன்றையும் ஒன்றாகக் கலப்பதுதான் தன் நோக்கம் என்பார். செய்முறையைச் சொல்வதோடு விடமாட்டார், ஏன் அப்படி என்றும் சொல்லுவார். ரொட்டி மாவு ஏன் உப்புகிறது என்பதைக் காட்ட, காலுறையில் செய்த ஈஸ்ட் பொம்மைகள் வரிசையாக ஏப்பம் விடும். குழந்தைகளும் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நிகழ்ச்சியில், 2000-களின் தொடக்கத்தில், 'ஆம்பர் வேவ்ஸ்' என்ற ஓர் அத்தியாயம் முழுக்க வீட்டு பீருக்கே ஒதுக்கப்பட்டது.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். கொஞ்சம் பின்னால் போனால் புரியும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. அது நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. வீட்டு பீர் விட்டுப்போயிற்று. விட்டது விட்டதுதான். நாற்பத்தைந்து ஆண்டுகள் யாரும் சரிசெய்யவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழி திறந்தது: வயதுவந்த ஒருவர் தனித்து வாழும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது ஏறக்குறைய 380 லிட்டர், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. அதன் பிறகும் முடிவு மாநிலங்களின் கையில் இருந்தது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் அனுமதித்தன. ஆக, பிரவுன் திரையில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியபோது, அதைப் பார்த்து அப்படியே செய்தால் சட்டத்தை மீறியவராகும் நேயர்களும் அதே நாட்டில் இருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மதுவிலக்குக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய பீர் ஆலைகள் பிழைப்புக்கு என்ன செய்தன? பாப்ஸ்ட், ஆன்ஹைசர் புஷ் போன்றவை மால்ட் பாகை டப்பாவில் அடைத்து விற்றன. ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் சேர்ப்பதற்காம்! நாடே அவ்வளவு பிஸ்கட் சுட்டதா என்ன? வாங்குபவர் எதற்கு வாங்குகிறார் என்று விற்பவருக்குத் தெரியும். விற்பவருக்குத் தெரியும் என்பது அரசுக்கும் தெரியும். சமையல் பொருள் என்ற போர்வையில் வீட்டுக்குள் நுழைந்த அதே மால்ட் பாகுதான், எழுபது ஆண்டு கழித்து ஒரு சமையல் நிகழ்ச்சியில் பகிரங்கமாக வந்து நின்றது.

புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தப் பாகு ஏன் அவ்வளவு முக்கியம்? பீருக்கு வேண்டியவை நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்பது பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தது. ஹார்லிக்ஸில் இருப்பதும் முளைகட்டிய பார்லிதான், ஆகவே அந்த மணம் நமக்குப் புதிதில்லை. முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. அரைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பீர் ஆலைகளில் தினமும் நடப்பது இது. வீட்டில் செய்யப் பெரிய அண்டா, வடிகட்டும் ஏற்பாடு, சூட்டைப் பிடித்துவைக்கும் பொறுமை எல்லாம் வேண்டும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்னும் பாகோ பொடியோ இந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டு நம் கைக்கு வருகிறது. கரைத்தால் போதும். அந்த ஒரு டப்பாவால்தான் பீர் காய்ச்சுவது சமையலறைக்குள் அடங்குகிறது. அது இல்லாவிட்டால் இருபத்திரண்டு நிமிட நிகழ்ச்சியில் இதைத் தொடவே முடியாது.

திரையில் நன்றாக எடுபடும் பகுதியை முதலில் பார்ப்போம். ஒரு பெரிய பாத்திரத்தில் ஏழெட்டு லிட்டர் தண்ணீர். லேசாக உடைத்த வறுத்த பார்லியைத் துணிப்பையில் கட்டி, 70 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி முக்கிவைக்கிறார்கள். டீத்தூள் பையை முக்குவது போலத்தான். நிறமும் கருகல் இனிப்பும் இறங்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டால், டீ அதிகம் கொதித்தால் ஏறுகிற அதே துவர்ப்பு இதிலும் ஏறும். அதற்குள் பையை எடுத்துவிட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எக்ஸ்ட்ராக்டைக் கொட்டிக் கரைக்கிறார்கள். 19 லிட்டர் பீருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை ஆகும். அடுப்பு எரியும்போது கொட்டினால் அடியில் போய்ப் பிடித்துக் கரிந்துவிடும். மறுபடி அடுப்பை ஏற்றிக் கொதி வந்ததும் நுரை பொங்கும். பால் பொங்கினால் துடைத்துவிடலாம். இது பொங்கினால் அடுப்பெல்லாம் மிட்டாய்.

அடுத்தது ஹாப்ஸ். கஞ்சா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பூ. (பயப்பட வேண்டாம், போதை இல்லை.) கொதி வந்தவுடன் போடும் ஹாப்ஸ் கசப்புக்கு; இறக்கும் நேரத்தில் போடும் ஹாப்ஸ் மணத்துக்கு. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட நேரம் கொதித்தால்தான் உருமாறித் தண்ணீரில் கரையும், கசப்பைத் தரும். மண எண்ணெய்களோ கொதித்தால் ஆவியோடு போய்விடும். ஆகவே ஒரே பூவை ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று தடவையாகப் போடுகிறார்கள். தாளிக்கத் தெரிந்தவருக்கு, எதை எப்போது போடுவது என்ற இந்தக் கணக்கு உடனே பிடிபடும். நிகழ்ச்சி வெற்றிபெறுவதும் இங்கேதான். பாத்திரம், கரண்டி, கொதி, வாசனை: எல்லாமே பார்ப்பவருக்குப் பழக்கமானவை. 'அட, இவ்வளவுதானா' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை எந்தப் புத்தகமும் அவ்வளவு சீக்கிரம் கொடுக்காது.

இனி வம்பு தொடங்கும் இடம். ஒரு மணி நேரம் கொதித்த அந்தக் கஷாயத்துக்கு வோர்ட் என்று பெயர். ஈஸ்ட் போடும் முன் அதை 20 டிகிரி அளவுக்கு வேகமாக ஆற்ற வேண்டும். பிரவுன் என்ன செய்தார்? நொதிக்கும் பாத்திரத்தில் கடை ஐஸை நிரப்பி, சூடான வோர்ட்டை அதன் மேல் ஊற்றினார். பார்க்க அழகு, நேரமும் மிச்சம். பழகிய வீட்டு பீர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்ட இடமும் இதுதான். ஐஸ் என்றால் சுத்தம் என்று பொருள் இல்லை. உறைநிலையில் கிருமிகள் பல சாவதில்லை, தூங்குகின்றன. சர்க்கரை நிறைந்த வெதுவெதுப்பான நீரில் அவற்றை எழுப்பிவிட்டு, பிறகு ஈஸ்ட்டைப் போட்டுப் போட்டி வைப்பது என்ன நியாயம்?

என் கருத்தைக் கேட்டால், ஐஸால் பீர் கெட்டுப்போகும் வாய்ப்பு குறைவு. நல்ல ஈஸ்ட்டைப் போதுமான அளவு போட்டால் அது முந்திக்கொள்ளும். அது கற்றுக்கொடுக்கும் பழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. சமையலில் நெருப்பு கடைசியில் வருகிறது. காய்கறியைச் சரியாகக் கழுவாவிட்டாலும், கத்தி கொஞ்சம் அழுக்காக இருந்தாலும், கொதி எல்லாவற்றையும் மன்னித்துவிடும். பீரில் நெருப்பு முதலிலேயே முடிந்துபோகிறது. அடுப்பை அணைத்த நொடி முதல், அந்தத் திரவத்தைத் தொடும் ஒவ்வொன்றும், வாளி, மூடி, குழாய், கரண்டி, உங்கள் கை எல்லாமே கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். பின்னால் வந்து காப்பாற்ற எந்தக் கொதியும் இல்லை. நல்ல சமையல்காரருக்கே இது தலைகீழ்ப் பாடம். சமையல் நிகழ்ச்சி சரளமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது இந்தத் திருப்பம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. கிருமிநாசினியைப் பற்றி ஒரு வரி வரும். ஆனால் வாளி கழுவுவதை எந்த கேமராமேன் நெருங்கிப் படம்பிடிப்பார்?

வீட்டில் ஆற்றுவதற்கு எளிய வழி, பாத்திரத்தை மூடி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் உட்காரவைப்பது. அரை மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஐஸ் வெளியே, வோர்ட் உள்ளே. 19 லிட்டருக்கு வேண்டிய மீதித் தண்ணீரை முந்தின நாளே கொதிக்கவைத்து மூடிக் குளிரவைத்தால், அதைச் சேர்க்கும்போது சூடு இன்னும் இறங்கும். கண்ணாடிக் குடுவையில் சூடாக ஊற்றும் வேலையே வேண்டாம். விரிசல் விட்டால் 19 லிட்டர் பாகு தரையெல்லாம் ஓடும். கிருமிநீக்கத்துக்குப் பழைய ஆட்கள் நீர்த்த பிளீச்சைப் பயன்படுத்துவார்கள். மலிவு, வேலையும் செய்யும். ஆனால் நன்றாக அலசாவிட்டால் குளோரின் பீரில் உள்ள பீனால்களோடு சேர்ந்து, மருத்துவமனைப் பிளாஸ்திரி வாசனை வரும். அதனால்தான் அலச வேண்டாத அமிலக் கரைசல்களுக்கு இப்போது மவுசு.

ஈஸ்ட்டைப் போட்டு வாளியை மூடியாயிற்று. அடுத்து சூடு. "குளிர்ச்சியான இருட்டு இடத்தில் வையுங்கள்" என்று நிகழ்ச்சி சொல்லும். எவ்வளவு குளிர்ச்சி? ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சுகம். லாகர் வகைக்கு 10 டிகிரி பக்கம் வேண்டும், ஆகவே தொடக்கக்காரர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பும். அறை 22 டிகிரி என்றால் வாளிக்குள் அதைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். சூடு ஏறினால் வாழைப்பழ வாசனை, பிறகு பெயின்ட் கலந்தது போன்ற காட்டம். அமெரிக்காவின் வடக்கே வீடுகளுக்குக் கீழே நிலவறை உண்டு. அங்கே இறக்கிவைத்தால் வேலை முடிந்தது. டெக்சாஸில் ஜூலை மாதம் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு இறங்கியவர் கதி வேறு.

பிறகு காத்திருப்பு. மூடியில் பொருத்திய, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் இரண்டு மூன்று நாள் உற்சாகமாகக் குமிழ் விடும், பிறகு அடங்கும். அடங்கிவிட்டதால் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தமில்லை. மூடி சரியாக இறுகாமல் காற்று வேறு வழியில் போயிருக்கலாம். இதற்கு ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் கருவி இருக்கிறது. நம்மூர்ப் பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் பாலில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் உறவுக்காரன். திரவத்தில் சர்க்கரை அதிகம் என்றால் உயர்ந்து மிதக்கும், சர்க்கரை குறையக் குறைய இறங்கும். தொடக்கத்தில் 1.050 காட்டியது 1.012-க்கு வந்து, இரண்டு மூன்று நாள் அங்கேயே நின்றால் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது என்று கொள்ளலாம். இந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் எவ்வளவு என்றும் தெரிந்துவிடும்: சுமார் 5 சதவீதம். நான் நிகழ்ச்சி நடத்தினால் மொத்த நேரத்தில் கால்பங்கை இந்தக் கருவிக்குக் கொடுப்பேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆபத்து இருப்பது இங்கேதான். பீருக்கு நுரை வர, பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள்; 19 லிட்டருக்கு 120 கிராம் போல. பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும். வெளியே போக வழியில்லாத வாயு பீரில் கரைந்து நிற்கும். இரண்டு வாரத்தில் தயார். வாளியில் நொதித்தல் முடியும் முன்னரே அவசரப்பட்டு அடைத்தால், பழைய சர்க்கரையும் புதுச் சர்க்கரையும் சேர்ந்து அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில் பறக்கும். வீட்டு பீர்க்காரர்கள் இதை 'பாட்டில் பாம்' என்றே சொல்கிறார்கள். பாட்டில் பழுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: பச்சை, வெள்ளைக் கண்ணாடி வழியாக வெயில் பட்டால், ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வரும்.

நம் வாசகர் மனதில் இந்நேரம் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: வீட்டில் செய்தது விஷமாகாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைத் தேவைக்கான மெத்தனால் சாராயத்தில் கலந்ததால் வந்த சாவுகள் அவை. பார்லியை நொதிக்கவைத்து, காய்ச்சி வடிக்காமல் அப்படியே குடிக்கும் பீரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும். அதன் அமிலத்தன்மையிலும் ஆல்கஹாலிலும் ஹாப்ஸிலும் ஆளைக் கொல்லும் கிருமிகள் பொதுவாக வளர்வதில்லை. ஆனால் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். வீட்டு வாளியில் இருப்பது பார்லி பீர்தான் என்று சொன்னாலும் போலீஸ் கணக்கில் அது ஊறல்தான். இங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை படிக்க மட்டும்.

சரி, அந்த நிகழ்ச்சி நல்லது செய்ததா, கெடுத்ததா? பழுத்த வீட்டு பீர்க்காரர்களின் குறைகள் நியாயமானவை. ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க வீட்டு பீர் இயக்கமே பயத்தைப் போக்கித்தான் வளர்ந்தது. சார்லி பபேசியன் 1984-இல் வெளியிட்ட கைநூலின் புகழ்பெற்ற அறிவுரையின் சாரம், பதற்றப்படாதே, கவலைப்படாதே என்பதுதான். தொலைக்காட்சி அதே வேலையை, பீர் என்றால் கடையில் வாங்குவது மட்டுமே என்று நினைத்திருந்த எத்தனையோ வீடுகளில் செய்தது. ஒரு டஜன் எச்சரிக்கைகளோடு அந்த அத்தியாயம் தொடங்கியிருந்தால் பாதிப் பேர் சேனலை மாற்றியிருப்பார்கள். வாசலைத் திறந்துவிட்டதற்காக அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அதே சமயம், காத்திருப்பைக் காட்ட முடியாது என்ற சாக்கையும் நான் ஏற்கவில்லை. வாராவாரம் வரும் நிகழ்ச்சிதானே? முதல் வாரம் காய்ச்சட்டும். அடுத்த வாரம் பிரியாணி செய்யும்போது பின்னால் அலமாரியில் அந்த வாளி இருக்கட்டும். மூன்றாம் வாரம் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்து, "இன்னும் ஆகலை" என்று சொல்லிவிட்டு வேறு சமையலுக்குப் போகட்டும். ஐந்தாம் வாரம் பாட்டிலைத் திறக்கட்டும். செலவு கூடாது, பார்ப்பவருக்குப் பொறுமையும் பழகும். மேடைக்கு அடியிலிருந்து எடுக்கும் தந்திரத்தை ஒரே ஒருமுறை விட்டுக்கொடுத்தால் போதும்.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளையோ மருமகனோ இதில் இறங்கப்போவதாகச் சொன்னால், நிகழ்ச்சியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஆசை வரும். அதற்குப் பிறகு ஜான் பாமரின் 'ஹவ் டு பிரூ' புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அதன் முதல் பதிப்பு இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய பாத்திரம் வாங்கும் முன் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் வாங்கச் சொல்லுங்கள், இரண்டும் மலிவுதான். முதல் பீர் ஏலாக இருக்கட்டும், மாதம் அக்டோபரோ நவம்பரோ ஆகட்டும், ஐஸ் பாத்திரத்துக்கு வெளியே இருக்கட்டும்.